சிவப்பாகத் தெரிந்த மழை

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் அலுவலகம் செயற்கைக்கோள் ரேடாரிலிருந்து அனுப்பும் மழைப் படத்தில், அணைக்கு மேலே மலை முழுக்கச் சிவப்பு. கனமழை வருகிறதென்று நம்பி மதகைத் திறந்துவிட்டேன். கீழ்த்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, தையல்காரம்மாவின் மெஷின்கள் சேற்றில் கிடக்கின்றன. மலைமேல் இருக்கும் மழைமானியிலோ தூறல் அளவுதான். என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். மழை பெய்ததா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.

தம்பி

ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா?

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேகத்துக்குள் பனித்துகள் உருகும்போது அதன்மேல் தண்ணீர் படியும். ரேடாருக்கு அது பெரிய மழைத்துளி மாதிரி தெரியும். அதைக் கழிக்கத்தான் எங்கள் கணக்கு. அதுவும் சில சமயம் ஏமாறும். தரையை ஒட்டி மலையே எதிரொலிப்பதால், கடைசிக் கொஞ்ச உயரத்தில் நடப்பது எங்களுக்குத் தெரியாது. செயற்கைக்கோளும் நின்று பார்ப்பதில்லை, கடந்து போய்விடும். இதில் எது நடந்தது? சத்தியமா தெரியலடா.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலை சுற்றுகிறது. அதற்குள் இன்னொன்று. மதகை மூடியபின், மழைமானியை வைத்துக் கணக்குப் போட்டதைவிட அதிகமாக அணைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. மழைமானி இல்லாத மறுசரிவில் பெய்ததா, பழைய ஈரம் ஊறி வந்ததா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். படத்தை நம்பித்தான் திறந்தேன், மழை பெய்ததா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை என்றேன். அவர் திட்டவில்லை.

"நிச்சயமில்லன்னா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திறந்திருக்கலாமே" என்றார்.



தம்பி

ஜூலை 6

அக்கா,

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. முதல் காரியமாக, மதகைத் தொடும் முன் கீழ்த்தெருவுக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டுமென்று உத்தரவு போட்டேன்.

விசாரணைக்கு நீயே வந்திருந்தாய். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாய். "படம்தான் தப்பு. அணையில இருந்தவர் மேல தப்பில்ல" என்று உள்ளே சொன்னாயாம். உன்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அத்தான் சொன்னார்.

எனக்கு எழுதும்போது தெரியாது என்றாய். அதற்குப் பிறகு கண்டுபிடித்தாயா, இல்லை நான் உன் தம்பி என்பதாலா? எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதென்றே புரியவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வா. கேட்க மாட்டேன்.

உன் தம்பி