குப்பைக்கூடையில் தேடிய லிஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் தலைசுற்றல் நின்றதா?

இங்கே மருந்து குடோனில் ஒரு சின்னக் கூத்து, பயப்படாதீர்கள். எங்கள் பழைய கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கேபிளில் மாட்டிய பிரிண்டரை மட்டும்தான் தெரியும். அதை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் ஒன்றை ஸ்டோர்கீப்பர் மேஜையருகே வைத்தார்கள். நான் அனுப்பிய சரக்கு லிஸ்ட் எதுவும் வரவில்லை. லிஸ்ட் இல்லாததால் லாரி இரண்டு முறை சரக்கு ஏற்றாமல் நின்றது, திட்டு எனக்கு. அந்த ஸ்டோர்கீப்பர்தான் தாளை ஒளிக்கிறார் என்று நினைத்து அவருடைய குப்பைக்கூடையைக் கிளறி, அவரிடமே கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

“என்னம்மா தேடுற?”

“என் லிஸ்ட்டை.”

“அனுப்பினாத்தானே வரும்? நீயே அனுப்பாம, பழியை என் தலையில போடுறியோன்னு நெனச்சேன்!”

நேற்று கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து, புதிய பிரிண்டருக்குப் பழையதன் பெயரையே கொடுத்தார். பழையதுதான் என்று புரோகிராம் நம்பிவிட்டது, தாள் வந்தது. முதல் தாளை ஸ்டோர்கீப்பரே கொண்டுவந்து, “சாப்பிட்டியாம்மா?” என்றார். நான்கு மாதத்தில் இங்கே யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எதற்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். போன கடிதத்தில் அம்மா நலம் என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அம்மா கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்