மீசையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்களே

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை பேச விட்டீர்களா? பாதியிலேயே வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

மீசை வந்த கதையையே நீங்கள் முழுசாகக் கேட்கவில்லை. நாய்க் காப்பகத்துக்குக் குட்டி பார்க்கத்தான் போனேன். குட்டிகளெல்லாம் கம்பியில் ஏறிக் குதிக்க, இது மட்டும் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கிழட்டு நாய். வாயைச் சுற்றி நரை, அதனால் அங்கே வைத்த பேர் மீசை. ஏற்கெனவே இரண்டு குடும்பத்தார் கூட்டிப்போய், சரிப்படாது என்று திருப்பி விட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், நான் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றார் காப்பகத்து அம்மா.

வந்த பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! வாசலைத் தாண்டவே மாட்டேன் என்றது. இழுத்தால் நாலு காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் வீட்டுக்குள்ளேதான். தைக்க வந்த பள்ளிக்கூடச் சீருடைத் துணி ஒரு கட்டு முழுக்க நாசம். அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு இடுப்பே போய்விட்டது. அதட்டினேன், கெஞ்சினேன், ஒருநாள் அழுதே விட்டேன். அது பாட்டுக்குத் தையல் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அழுகையைத்தான் உங்களிடம் போனில் சொன்னேன். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது திட்டு.

மிச்சத்தையும் கேளுங்கள். மறுநாள் மழைச் சாரலில் வாசலிலிருந்த உங்கள் ஷூ தொப்பலாக நனைந்துவிட்டது. ஆம்பிளை இல்லாத வீடு என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நீங்கள் விட்டுப்போன ஷூதான். நானும் தூசி படியாமல் துடைத்து, அவ்வப்போது திருப்பித் திருப்பி வைப்பேன். வெயில் வந்ததும் அதை மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு இறங்கி வந்தால், மீசை வாசற்படிக்கு வெளியே நின்று மோந்துகொண்டிருக்கிறது. காய்ந்ததும் ஷூவை மறுபடி வைத்தேன். வாலை இடுக்கிக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டது. எந்தப் பாவி ஷூக் காலால் உதைத்தானோ, தெரியவில்லை.

ஷூவைப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது இரண்டு பேரும் தெருமுனை வரை நடக்கிறோம். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா ஷூ இல்லாத வாசலைப் பார்த்துவிட்டு, "என்ன, உங்க வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பிட்டாரா? இருந்த சத்தமே தெரியலையே" என்று கேட்டார். நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம் என்று நினைத்திருந்தாராம். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்ல?

நேற்று காப்பகத்து அம்மா வந்தார். மீசை தானாக வெளியே போய்வருவதைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாங்க ரெண்டு பேர் என்றேன். "வீட்டுக்காரரையும் சேர்த்துத்தானே?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, நான் உங்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார் என்று அவசரமாகச் சொன்னேன்.

வீட்டுக்காரருக்கும் சம்மதம்தானா, கேட்டுச் சொல்லுங்கள், இன்னொரு தடவை திரும்பி வந்தால் இது தாங்காது, இனி யாரும் கேட்டு வரவும் மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்குப் போன் செய்வார். சம்மதம் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் சேர்த்து. கோபம் வந்தால் வரட்டும். எனக்கும்தான் கோபம். ஒவ்வொரு தடவையும் அடுத்த லீவு, அடுத்த லீவு என்கிறீர்கள். அந்த லீவு வேறு யாருக்கோ போய்விடுகிறது. நானும் சரி, சரி என்று தலையாட்டி அலுத்துவிட்டேன்.

போனை வைக்கும் முன் "நான் வரும்போது அந்த நாய் அங்க இருக்கக் கூடாது" என்றீர்கள். கோபத்தில் சொன்னதாகவே இருக்கட்டும், வருவதாக நீங்கள் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று! நாயை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி