எழுத்து அழிந்த வால்வு

மணமேல்குடி.
24 நவம்பர் 2024, ஞாயிறு, பகல் இரண்டேகால் மணி. மேசைமேல் வால்வு நான்கு, துவைத்துக் காயவைத்த சாக்ஸ் ஐந்து.

அன்புள்ள ஜெரால்டு மச்சானுக்கு,

பெலிக்ஸ் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். மஸ்கட்டில் வெயில் இறங்கிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னது. அருள்தாஸ் அண்ணன் இன்று ராத்திரி திருச்சியில் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். ஐந்து மணிக்குள் பார்சலைக் கொடுக்க வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நேரம் இருந்தாலும் எனக்குச் சுற்றி வளைக்க வராது, அது உங்களுக்கே தெரியும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் போன் பாதி நேரம் பிளெஸ்ஸி அக்கா கையில்தான் இருக்கிறது. இதில் எழுதப்போவதில் பாதியை அக்கா படிக்கக் கூடாது.

முதலில் நன்றி. பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு என்றே உங்களுக்குத் தெரியாது. நான் அனுப்பிய நம்பர்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, விடுமுறை நாளில், சந்தையில் பழைய ரேடியோ சாமான் விற்கிறவரிடம் போய் நின்றிருக்கிறீர்கள். கண்ணாடி உடையாமல் வரவேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒரு சாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போட்டு அனுப்பினீர்கள். ஐந்தும் உடையாமல் வந்தன. பிரித்துப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்தவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் பொத்திக்கொண்டாள் என்பதற்கு வருகிறேன்.

தொண்டைப் புண் ஆறவில்லை, அதனால் பேசவில்லை என்றுதானே அக்கா உங்களுக்கு மெசேஜ் போடுகிறாள்? பொய். புண் ஜூன் மாதமே ஆறிவிட்டது. மே மாதம் நடந்த தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு சோர்ந்து போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சோர்ந்துபோனது. ஒரு வருடத்தில் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார். இப்போது அக்காவின் குரல் பாதி காற்று, பாதி கரகரப்பு. எங்களோடு பேசுகிறாள், திட்டுகிறாள். கோயிலில் பாடுவதில்லை. உங்களோடு பேசுவதில்லை.

"அவளுக்கு எம்மேல கோபந்தானே மாப்ளே, ஆபரேஷனுக்கு நான் லீவு போட்டு வரலன்னுதானே?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறீர்கள். கோபம் இல்லை, மச்சான். வெட்கம். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பூசையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிப் பேசி அழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பாட முடியாது என்று ஆன பிறகுதான் கிட்டாரை எடுத்தாள். முன்பு பாட்டுக்குத் துணையாக, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டு மட்டும் வாசிப்பாள். இப்போது பாட்டின் மெட்டையே ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கிறாள். அதற்குத்தான் நான் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். கிட்டாரிலிருந்து வருவது துளியூண்டு சத்தம். முதல் வால்வுதான் அதைப் பெரிதாக்குகிறது. எந்த வால்வைச் செருகுகிறோமோ அதைப் பொறுத்துச் சத்தம் தெளிவாக நிற்கும், அல்லது கீறும். நீங்கள் அனுப்பிய ஐந்தும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் 12AX7 இரண்டும் நூறு மடங்கு பெருக்கும், 12AT7 அறுபது, 12AU7 இருபதுக்குள். ஐந்தாவதில் எழுத்தே அழிந்துவிட்டது. டெஸ்டரில் எழுபது காட்டியது, ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு பாதியில் ஒன்று மற்றதைவிடச் சோர்வு. கழித்துவிட வேண்டியது என்று ஓரமாக வைத்தேன்.

தினமும் மத்தியானம் மேசையில் வைத்து அளந்து தேர்ந்தெடுப்பேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா வாசித்தால் சத்தம் ஈரத்துணி மாதிரி விழும். வால்வுதான் போதவில்லை என்று முடிவுகட்டி, இருப்பதிலேயே அதிகமாகப் பெருக்கும் 12AX7-ஐப் போட்டேன். சாயங்காலத்துக்குச் சுமாராக இருந்தது. அதையே ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காணிக்கைப் பாட்டு முதல் வரியிலேயே கிரீச்சென்று கத்தியது. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தின. பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை உறையில் போட்டு பீரோமேல் ஏற்றினாள். "எனக்குத் தொண்டையும் இல்ல, கிட்டாரும் இல்ல. விட்ருடா தம்பி" என்று சொன்னாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். வால்வு சரியில்லை, மஸ்கட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கவில்லை என்று உங்களையும் சேர்த்துத் திட்டினேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அப்போதுதான் உங்கள் மெசேஜ் வந்தது. முந்தின வாரம் நான் அனுப்பியிருந்த சாயங்கால ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தீர்கள். "கிட்டார் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ளே. ஆனா நம்ம வீட்டு ஃபேன் ரொம்ப மெதுவா சுத்துற மாதிரி கேக்குதே. கெட்டுப்போச்சா? அக்காவுக்கு வேர்க்குமே, புதுசு வாங்கி மாட்டு."

நம் வீட்டு ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு டக் என்று அடிக்கும். அது உங்களுக்குத் தெரியும். அந்த டக்கின் இடைவெளியை அங்கிருந்து கவனித்திருக்கிறீர்கள். எத்தனை முறை போட்டுக் கேட்டீர்கள், மச்சான்? அக்கா எங்கேயாவது ஒரு வார்த்தை பேசியிருப்பாளா என்றுதானே? பேச்சு வந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவள் உத்தரவு. மிச்சம் இருந்தது ஃபேன் மட்டும்தான்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். வால்வை அளந்தேன், ஸ்பீக்கரை அளந்தேன். சுவரிலிருந்து வரும் கரண்டை ஒருநாளும் அளக்கவில்லை. அன்று ஏழு மணிக்கு மீட்டரைச் செருகினேன். 174 வோல்ட். பொழுது சாய்ந்ததும் இறால் பண்ணைகளில் காற்றடிக்கும் மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பிக்கின்றன, நம் தெருவுக்கு மிச்சம் வருவது அவ்வளவுதான். வால்வு சூடாக ஆறேகால் வோல்ட் வேண்டும், கிடைத்தது நாலே முக்கால். அரைப்பட்டினி கிடந்த வால்வைத்தான் மட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் முழுக் கரண்ட் வந்ததும் அது கோயிலில் கத்திவிட்டது. ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. புதுசு வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி ஆம்ப்ளிஃபயருக்குப் போட்டேன். "மீனு கெட்டுச்சுன்னா, ஒன்னையத்தான் கொழம்பு வைப்பேன்" என்றாள் அக்கா. ஆனால் ஃபேன் விஷயத்தைச் சொன்னதும் போய் கிட்டாரை இறக்கிக்கொண்டு வந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். எந்த வால்வு என்று சொல்லமாட்டேன், கேட்டுவிட்டுச் சொல் என்றேன். சூடான வால்வைக் கையால் பிடுங்க முடியாது. உங்கள் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பிடுங்கினேன். 12AX7 இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் மீன் ஏலம் விடுது" என்றாள். 12AU7-க்கு, "இது பாவசங்கீர்த்தனத்துல குசுகுசுன்னு பாவத்தச் சொல்லுது, சாமியாருக்கு மட்டுந்தான் கேக்கும்." 12AT7-ஐப் போட்டதும் திரும்பாமலே, "இது அப்படியே நீ பேசுற மாதிரி இருக்கு. எல்லாம் சரியாத்தான் சொல்லுது, ஒரு வார்த்தைகூட மனசுல ஒட்டல" என்றாள். கடைசியில், எண்ணிக்கைக்காக, எழுத்து அழிந்ததையும் செருகினேன்.

காணிக்கைப் பாட்டை முழுக்க வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். மேலே ஏறும் இடத்தில் சத்தம் லேசாக விரிந்தது. ஒரு பாதி சோர்வு என்று சொன்னேனே, அதுதான் காரணமாக இருக்கும். வேறொன்று போடட்டுமா என்று எழுந்தேன். "உக்காருடா. மெதுவா மீட்டினா மெதுவா இருக்கு, அழுத்தினா லேசா உடையுது. உடையட்டும். இத மாத்தாத."

பிறகு கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, போனில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தேதான், "இத அவுக கேட்டா நாந்தான்னு கண்டுபிடிப்பாகளா?" என்றாள்.

வழக்கம்போல் வெட்டுவதற்குப் போனை எடுத்தேன். என் கையைத் தடுத்தாள். அப்புறம், "இருக்கட்டும், வெட்டாத" என்றாள்.

அந்த ரெக்கார்டிங் பார்சலில் மெமரி கார்டில் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கடைசிவரை கேளுங்கள். அவள் குரலை முதலில் கேட்கும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆபரேஷன் முடிந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலு நாளில் பழகிவிட்டது. இப்போது பழைய குரலை நான் தேடுவதில்லை.

கிறிஸ்துமஸ் பூசைக்கு வாசிக்கச் சம்மதித்துவிட்டாள். மார்ச் மாதம் நீங்கள் லீவில் வரும்வரை எங்களுக்கு அது போதும். அவளுக்கு அது போதாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு போன் பண்ணுங்கள், இந்தமுறை எடுப்பாள். சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள், அதை எல்லாரும் சொல்லியாயிற்று. பாவம் என்ற தொனியும் வேண்டாம். ஃபேன் விலை என்ன என்று கேளுங்கள். திட்டுவாள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது ஃபேனைப் பற்றித்தான். எங்கள் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்
பெலிக்ஸ்

இனி நான் செய்யப்போவது:

1. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரை ஃப்ரிட்ஜுக்கே மாட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாக ஒன்று வாங்குவேன்.

2. எழுத்து அழிந்த வால்வின்மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைப்பேன். நம்பர் எழுதமாட்டேன்.

3. கிறிஸ்துமஸ் பூசைக்கு முன்பு கோயில் கரண்டை அளந்துவிட்டுத்தான் வேறு எதையும் தொடுவேன்.

4. சாக்ஸில் நான்கைப் பார்சலில் வைக்கிறேன். ஐந்தாவதை அக்கா இப்போதுதான் வந்து மேசையிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்கமாட்டேன்.

5. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு போனை அக்கா கையில் கொடுத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவேன். உங்களுக்கு அவள் பேசுவது மட்டும் கேட்கட்டும்.