சாக்கில் கட்டிய கொன்வேட்டர்

மச்சான்,

இன்று காலை கடற்கரை வீதியில் எங்களுக்கு முன்னால் ஒரு பழைய கார் இழுத்து இழுத்துப் போனது. அதன் புகை கண்ணாடி வழியே உள்ளே வந்தது. அழுகிய முட்டை நாற்றம். உடனே உம்முடைய நினைவு வந்துவிட்டது. செத்துப்போன மனிதர்கள் மற்றவர்களுக்குச் சந்தனத்திலும் சாம்பிராணியிலும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு வாய்த்த மைத்துனர் அழுகிய முட்டையில் வந்து நிற்கிறீர். "உன்ரை கொண்ணன்ரை மணம் வருது" என்று பக்கத்தில் இருந்த உமது தங்கையிடம் சொன்னேன். நான் வருடக்கணக்காகச் சொல்லும் பகிடி. இன்று அவள் சிரிக்கவில்லை. வேறொன்று சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உம்மைத் திட்டி முடிக்க வேண்டும். இவ்வளவு காலப் பழக்கம், எட்டு மாதத்துக்கு முன்னர் நீர் செத்தீர் என்பதற்காக விட ஏலாது.

எல்லாம் உம்முடைய மண்ணெண்ணெயில் தொடங்கியது. சண்டைக் காலம். பெற்றோல் கிடைப்பதே பெரும்பாடு. என்னுடைய பழைய ஜப்பான் வான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது. நீரோ கந்தோரில் பைல் தூக்கும் கிளாக்கர். ஆனால் எஞ்சினைப் பற்றி உம்மைவிடத் தெரிந்தவர் திருகோணமலையில் இல்லை என்பது உம்முடைய நினைப்பு. "கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓடும் மச்சான், ஒண்டும் செய்யாது" என்றீர். நானும் ஒரு விசரன், கலந்தேன். மூன்று மாதத்தில் வான் அழுகிய முட்டையாய் நாறத் தொடங்கியது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் பிள்ளைகளை இறக்கித் தள்ளவிட்டேன்.

கற்றலிற்றிக் கொன்வேட்டர் போய்விட்டது என்று கராஜில் சொன்னார்கள். புகைக் குழாயின் நடுவில், சைலன்சருக்கு முன்னால், பெரிய பால்மாப் பேணி அளவில் இருக்குமே, அதுதான். புகையைச் சுத்தம் செய்கிற சாமான். உம்முடைய மண்ணெண்ணெய்ப் புகையால் அதன் உட்புறம் அடைத்துவிட்டது. "வெட்டி எறிஞ்சுபோட்டு நேர்க்குழாய் ஒட்டுவம்" என்றான் கராஜ்காரன். அரை மணித்தியால வேலை. நீர் விட்டீரா? "வெறுங்குழாய் வெடிச்ச மாதிரிக் கத்தும். ஆமிச் சென்றியடியிலை கத்தினா சுட்டுப்போட்டுத்தான் பாப்பாங்கள்" என்றீர். பயந்தாங்கொள்ளி! கொழும்புக்குப் போய், பழைய சாமான் கடையில் இன்னொன்றைப் பில்லோடு வாங்கி வந்தீர். பில் இருந்தபடியால் வழியில் எல்லாச் சோதனையும் தாண்டி அது வந்து சேர்ந்தது.

பிறகு எங்கள் முற்றத்தில் நடந்த கூத்து! வானை ஜக்கில் தூக்கி, கீழே தென்னங்குற்றி அடுக்கினீர். சூடு ஆறவேண்டும் என்று என்னை இரண்டு மணித்தியாலம் காக்கவைத்தீர். "ஆறட்டும் மச்சான். சூட்டிலை தொட்டா கை போயிடும்" என்று கதிரையைப் போட்டு உட்கார்ந்தீர், ஏதோ பெரிய டொக்டர் போல. அதன்பின் படுத்தீர். உப்புக்காற்றில் துருப்பிடித்த நட்டு ஒன்றோடு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டினீர். கழன்றதும் ஊருக்கே கேட்கக் கூவினீர். கந்தோர்ச் சேர்ட்டின் நெஞ்செல்லாம் கறுப்பு. வான் மறுநாள் ஏற்றத்தில் பிசகில்லாமல் ஏறியது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் உமது வாய் தாங்கமுடியவில்லை.

பழையதை எறியவும் மனம் வரவில்லை உமக்கு. "உள்ளுக்கை இருக்கிறது தங்கத்தைவிட விலை மச்சான்" என்று சாக்கில் கட்டி வானின் பின் சீற்றுக்குக் கீழே வைத்தீர். திரியாய்க்கு நான் ஆள் ஏற்றப் போன அன்று நீரும் தொற்றிக்கொண்டீர், வழியில் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்கலாம் என்று. சென்றியில் மறித்தார்கள். சிப்பாய் சாக்கை அவிழ்த்தான். கரிபிடித்த இரும்புப் பேணி, அதில் தொங்கும் வயர். அந்தக் காலத்தில் அதை யார் வாகனச் சாமான் என்று நினைப்பார்கள்? துவக்குகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். சிங்களத்தில் புலி என்று பீற்றுகிற ஆள் நீர்தானே. விளங்கப்படுத்துவீர் என்று உம்முடைய முகத்தைப் பார்த்தேன். நீர் சொன்னது ஒரேயொரு சொல். "எயாகே." அவனுடையது. விரலும் என்னைக் காட்டியது.

வானைச் சோதித்து உம்மிடம் கொடுத்துவிட்டு என்னை முகாமுக்கு ஏற்றினார்கள். மூன்று நாள். அங்கே நடந்ததை நான் எவருக்கும் முழுக்கச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், போ என்றார்கள். பயப்படாமல் மறுமொழி சொன்னபடியால்தான் விட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து வானை ஸ்டார்ட் செய்தால் பேய் மாதிரிக் கத்தியது. நீர் பூட்டிய புதுக் கொன்வேட்டரைக் காணவில்லை. "கழண்டு விழுந்திட்டுது மச்சான்" என்றீர். உமது இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது. சுடுதண்ணி ஊற்றுப்பட்டதாம். நான் சிரித்த சிரிப்பு! ஒரு நட்டு ஒழுங்காக இறுக்கத் தெரியாது, ஒரு கேத்தில் தூக்கத் தெரியாது, மைத்துனனைக் காட்டிக்கொடுக்க மட்டும் தெரியும் என்றேன். கலியாண வீடுகளில், செத்த வீடுகளில், சனம் கூடிய இடமெல்லாம் சொன்னேன். நீர் பக்கத்துக் கதிரையில் இருந்து, "ஓம், பயந்திட்டன்" என்பீர்.

இனி, இன்று காலை உமது தங்கை சொன்னது.

"இனிக் காணும், நிப்பாட்டுங்கோ" என்றாள். "அண்ணா என்னட்டைச் சத்தியம் வாங்கினவர், அதாலை இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான். அண்டைக்கு வானைக் கொண்டுவந்து விட்ட கையோடை, புதுசாப் பூட்டினதைக் கழட்ட அதுக்குக் கீழை பூந்திட்டார். இரும்பு கொதிக்குது. ஆறட்டும் அண்ணா எண்டு கத்தினன், கேக்கேல்லை. உள்ளங்கைத் தோல் அதிலை ஒட்டினது. சாரத்தைக் கிழிச்சுச் சுத்திப்போட்டு, அதையும் பில்லையும் தூக்கிக்கொண்டு முகாமுக்கு நடந்தவர். ரெண்டு நாள் துவக்கை நீட்டிக் கலைச்சவங்கள். மூண்டாம் நாள் வாகனம் தெரிஞ்ச ஒரு பெரியவன், அவங்கள் பிடிச்ச பழசையும் இதையும் பக்கத்திலை வைச்சுப் பாத்துச் சிரிச்சவனாம். அதுக்குப் பிறகுதான் உங்களை விட்டவங்கள்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லாலை மச்சானை உள்ளுக்கை அனுப்பினனான், கூட்டிக்கொண்டு வந்ததைச் சொல்லிக்காட்ட எனக்கு வாயில்லை எண்டவர்."

குண்டு என்று நினைத்து ஒருவனைப் பிடித்துவைத்திருக்கிற இடத்துக்கு, அதே மாதிரி இன்னொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்திருக்கிறீர். அந்த நெஞ்சைத்தான் நான் சபை சபையாகப் பயந்தாங்கொள்ளி என்றேன். வாய்வீரன் நான்தான். கேட்டு நிற்க நீர் இல்லை.

இருந்தாலும் உம்மைத் திட்டாமல் முடிக்கமாட்டேன். விசரா, எனக்கு அவ்வளவு படிப்பித்தீரே, கொஞ்சம் ஆறவிட்டுக் கழற்றியிருக்கலாமே. நான் உள்ளே இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்திருப்பேனே, மச்சான்.