நீ ஏன் ‘சரி’ன்னு சொன்னே, சித்தி?

என் சண்டைக்காரச் சித்தி பேச்சியம்மாளுக்கு,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. செத்தவர்களுக்கு எழுதும்போது அழுதுகொண்டே எழுத வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. முதல் கோபம் உன்மேல்தான்.

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் உன்னை மாதிரி வாய் யாருக்கு இருந்தது? ஈரக் கொழுந்து என்று சொல்லி சூப்பர்வைசர் எடையில் இரண்டு கிலோ குறைத்ததற்கு, கூடையை அப்படியே அவன் காலடியில் கவிழ்த்துவிட்டு, “அப்ப மிச்சத்தையும் நீயே வச்சுக்கய்யா”ன்னு கைவீசி நடந்தவள் நீ. அவன் பின்னாலேயே ஓடிவந்தான். நம் லயத்து வரிசையில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து நீ ஒருத்திதான் சண்டை போட்டாய். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மட்டும் ஏன் சண்டை போடவில்லை?

இங்கே மீனாட்சிபுரத்தில் என் மாமியாருக்கு உன்னை யாரென்று விளங்கவைக்க முடியவில்லை. “ஏனம்மிணி, பக்கத்து ஊட்டுக்காரி தானே? சொந்தமா பந்தமா, இப்படிச் சோறு தண்ணியில்லாம கெடக்குறே?” என்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உன் காரியத்துக்கு நான் அங்கே வந்திருந்த நாளெல்லாம் ஆறு மாட்டையும் ஒற்றை ஆளாகக் கறந்தவர் அவர்தான். ஆனாலும் என்ன சொல்வேன்? எங்கள் அம்மா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பி குமரேசனுக்கு நாலு. அம்மா திரும்பி வரவேயில்லை. அப்பா குடியிலேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லாத நீ, காலையில் வேலைக்குப் போவதற்குள் மூன்று பேருக்கு ஆக்கிவைத்தாய். என் தம்பி உன் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் எங்கள் வீடுதான். இதையெல்லாம் சொந்தமா பந்தமா என்ற கேள்விக்குள் எப்படி அடக்குவது?

அவன் வளர்ந்து, டூரிஸ்டுகளை ஏற்ற ஜீப் வாங்கிய அன்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினாய். “எம் மவன் வண்டிலே”ன்னு கத்தினாய். எனக்கு நீ அனுப்பிய போட்டோவில் உன் பல்லெல்லாம் தெரிந்தது.

அன்றைக்குக் காலை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை மறைக்க மாட்டேன். பாலைச் சொசைட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். ஒன்றரை நிமிடம். நேற்றைய சீரியல் கதையாக இருக்கும், சாணி அள்ளிவிட்டு நிதானமாகக் கேட்கலாம் என்று போனைக் கவிழ்த்துவைத்தேன். பன்னிரண்டு மணிக்கு உன் எதிர்வீட்டு ரோஸ்லியிடமிருந்து போன். “ஈசு, ஒஞ் சித்தி போயிட்டாடீ.”

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் பஸ்ஸாக மாறி வந்தேன். உடுமலையில் சீட் கிடைத்த பிறகுதான் அந்த மெசேஜ் நினைவுக்கு வந்தது. காதில் வைத்தேன்.

“ஈசு, சாப்ட்டியாட்டி? மேல்காட்டுல கொழுந்து எடுக்கும்போதே நெஞ்சு அடைக்குற மாதிரி இருந்துச்சு. பாதியில எறங்கி வந்துட்டேன். இடது கையெல்லாம் மரத்துக் கெடக்கு. இரு, இவன் கெளம்புதான்…”

அப்புறம் கொஞ்சம் தள்ளி உன் குரல். “ஏலே குமரேசா! நெஞ்சு வலிக்குதுடா. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விடுதியா?”

“கேஸா இருக்கும் சித்தி. சுக்குத்தண்ணி போட்டுக் குடி. ரிசார்ட்டுல ஆறு பேரு நிக்காங்க. லேட்டானா இனிமே நம்மளக் கூப்பிட மாட்டாங்க. பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவேன், வந்ததும் போவோம்.”

உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னாய்: “சரிய்யா. வளைவுல பாத்துப் போ.”

ஜீப் கிளம்பும் சத்தம். “சரிட்டி ஈசு, பெறகு பேசுதேன்.” அவ்வளவுதான்.

ஏன் சித்தி சரி என்றாய்? இரண்டு கிலோ கொழுந்துக்குக் கூடையைக் கவிழ்த்தவளுக்கு உன் உயிர் அதைவிடக் கீழா? வண்டிக்கு முன்னால் வந்து நின்றிருக்கலாம். கல்லை எடுத்துக் கண்ணாடியில் எறிந்திருக்கலாம். ரோஸ்லியையாவது கூப்பிட்டிருக்கலாம். பிள்ளை பிழைப்பு கெட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாயே, யார் கேட்டார்கள் உன்னை அந்தப் பெருந்தன்மையை?

பத்தரைக்கு ரோஸ்லி ஏதோ உருளுகிற சத்தம் கேட்டு வந்து பார்த்திருக்கிறாள். எஸ்டேட் டிஸ்பென்சரி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, பூட்டுப் போட்டு. கம்பவுண்டர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வேலைக்கு ஆளே போடவில்லை. ஆட்டோ பிடித்து, அத்தனை மேடு பள்ளத்தில் உன்னை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை. “கொறச்சு நேரத்தே கொண்டு வரணமாயிருந்நு” என்றாராம் டாக்டர். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டுமாம்.

ரிசார்ட்டில் நின்ற அந்த ஆறு பேரும் என்ன பார்த்தார்கள் என்று விசாரித்தேன். மலை முழுக்க மூடுபனியாம். ஒன்றும் தெரியவில்லையாம். போட்டோகூட எடுக்காமல் இறங்கிவிட்டார்களாம்.

நான் வந்து சேர்ந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் தலைமாட்டில் குமரேசன் தரையில் முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். “பெத்த பிள்ளகூட இப்படி அழாது”ன்னு சனங்கள் பேசிக்கொண்டார்கள். “அவன் மட்டும் வீட்ல இருந்திருந்தா காப்பாத்தியிருப்பான், பாவம், ட்ரிப்புக்குப் போயிட்டான்”னு ஒருவர் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். ஆட்டினான் சித்தி! என் கையில் போன் இருந்தது. ஒரு விரல் வைத்தால் போதும், மொத்த லயமும் கேட்டிருக்கும். உன்னை அடக்கம் செய்து முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பால் ஊற்றிய அன்று காலை ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான். ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திய அன்புத் தாயே’. உன் படம் ஓரத்தில் சின்னதாக. நடுவில் கூலிங்கிளாஸ் போட்டு ஜீப்பில் சாய்ந்து நிற்கும் அவன் படம். கீழே, ‘கண்ணீருடன் மகன் குமரேசன்’.

அவனை உன் வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். போனைப் போட்டேன். உன் குரல் வந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் குரல் வந்தபோது காதைப் பொத்தினான். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

“கேஸுன்னுதான் நெனச்சேன்க்கா. சத்தியமா.”

“நெனச்சே. சரி. அத ஏன் மறைச்சே? வலி வந்தப்ப வீட்லயே இல்லாத மாதிரி ஏன் தலையாட்டினே?”

“வெளிய தெரிஞ்சா இந்த லயத்துல நான் எப்படி இருப்பேன்? யார்ட்டயும் சொல்லிராதேக்கா.”

“நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். பதினாறாம் நாளுக்குள்ள சொல்லலைன்னா எனக்குத் தம்பி இல்ல.”

அவனை அடித்தேனா என்று கேட்பாய். ஆமாம், அடித்தேன். உன் வீட்டுக்குள் நின்றுதான் அடித்தேன். நீ இருந்திருந்தால் குறுக்கே விழுந்திருப்பாய். அதை நினைத்து இன்னும் ஒன்று அடித்தேன்.

பதினாறாம் நாள் காலையில் ஜங்ஷனில் அந்த ஃப்ளெக்ஸைக் காணவில்லை. அவனே அவிழ்த்திருக்கிறான். சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்த நேரம், கையில் சாம்பார் வாளியோடு நடுவில் வந்து நின்றான். “சித்தி எங்கிட்ட கேட்டுச்சு. நான் கூட்டிட்டுப் போகல”ன்னான். ஒருத்தரும் இலையில் கைவைக்கவில்லை. அவனோடு ஜீப் ஓட்டுகிற பையன்கள் குனிந்துகொண்டார்கள்.

உன்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்த கனகம்தான் எழுந்தாள். “நாளைக்கு எனக்கு வலிச்சாலும் இதே பதில்தானாலே?” என்றாள். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “இனி எந்த ட்ரிப்பு இருந்தாலும் விட்டுட்டு வருவேன் பெரியம்மா” என்றான்.

“ஒன் ஒரு வண்டிய நம்பியா நாங்க முந்நூறு பேரு இருக்கணும்? ஒன்னை அப்புறம் வச்சுக்கிடுதேன். அந்தப் பூட்டுப் போட்டவன மொதல்ல கேக்கணும்”னாள் கனகம்.

மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பெண்கள் யாரும் போகவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். மானேஜர் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. வந்ததும், பார்க்கலாம் என்றார். கனகம் நகரவில்லை. கடைசியில் கம்பவுண்டரை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். இப்போது திங்கள், வியாழன் இரண்டு நாள் டிஸ்பென்சரி திறக்கிறது. மற்ற ஐந்து நாள் நெஞ்சுவலிக்கு லீவு போலிருக்கிறது. உனக்கு வலித்தது ஒரு சனிக்கிழமை, சித்தி. எனக்கு ஆறுமா?

குமரேசன் தினமும் எனக்குப் போன் செய்கிறான். நேற்று முதன்முதலாக எடுத்தேன். “அக்கா”ன்னான். நான் பேசவில்லை. வைக்கவும் இல்லை. அவன் ராத்திரியில் தூங்குவதில்லை என்று ரோஸ்லி சொல்கிறாள். தூங்க வேண்டாம் என்று ஒரு மனது சொல்கிறது. இன்னொரு மனது சொல்வதை இப்போதைக்கு நான் கேட்கப்போவதில்லை. நீ அவனை அன்றைக்கே மன்னித்திருப்பாய். அதுவும் உன்மேல் எனக்கு ஒரு கோபம்.

உன் வீட்டில் ஆள் வந்துவிட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த புருசனும் பெண்டாட்டியும். அந்தப் பெண்ணுக்கு நம் பேச்சு தெரியாது. கனகம் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம், அவளுக்கு ஆறு மாதம். அடுத்த மாதம் கனகமும் மற்றவர்களும் லேபர் ஆபீசுக்குப் போகிறார்கள். நானும் வருகிறேன். மாமியாரிடம் கேட்டுவிட்டேன். “போயிட்டு வா அம்மிணி, மாட்டை நான் பாத்துக்கறேன்” என்றுவிட்டார். அங்கே சத்தம் போடுவேன். துரத்தினால் மறுபடியும் போவேன். அந்தப் பெண்ணுக்கு நாள் நெருங்குவதற்குள் டிஸ்பென்சரிக் கதவு ஏழு நாளும் திறந்திருக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோபம் ஆறாத உன் மூத்த மகள்,
ஈஸ்வரி