தேடி வந்தவர்கள்

மார்க்கையன்கோட்டை
3.9.2024

அன்புள்ள மாமாவுக்கு ஜக்கம்மா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் சுகமில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஊழியத்துக்கு நடந்து போய்விட்டீர்கள். ஆண்டிபட்டி சபைக்கு எழுதினால் கைக்குக் கிடைக்கும் என்றீர்களே, அதனால் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பழக்கமில்லாத முகங்கள். "ஊர் ஊராப் போயி ஏசுவப் பத்திச் சொல்றவுக வீடு இதுதான? அவுக எங்கன இருக்காக?" என்று நெட்டையாக இருந்தவர் கேட்டார். நீங்கள் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். போன மாசம் ஏதோ ஓர் ஊரில் உங்கள் சட்டையைக் கிழித்து விரட்டினார்களே, அவர்களாக இருக்குமோ? பகலிலும் தாழ்ப்பாள் போட்டுத்தான் சமைக்கிறேன்.

மாலை போட்டு மலைக்கு நடந்தீர்கள். சாமியார் மடத்தில் மாசக்கணக்கில் கிடந்தீர்கள். நான் ஏதாவது சொன்னேனா? ஞானஸ்நானம் வாங்கினபோதும் அழுதேனே தவிரத் தடுக்கவில்லை. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் வீட்டிலிருந்து கும்பிடுங்கள். வந்துவிடுங்கள்.

ஜக்கம்மா

மயிலாடும்பாறை
7.9.2024

பிரியமான ஜக்கம்மாவுக்கு,

உனக்குச் சமாதானம் உண்டாகட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எனக்கே அது இல்லை.

நீ சொன்ன நெட்டை ஆள் நேற்று இங்கும் வந்துவிட்டான். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, "ராக்கையாங்கிறது நீங்கதானா?" என்றான். என் பைக்குள் வேதாகமம் இருந்தது. "இல்லப்பா, நான் ஆடு பாக்க வந்தவன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு எழுந்து போனான். பைக் சத்தம் அடங்கும்வரை சோளக்காட்டுக்குள் குனிந்து கிடந்தேன். சட்டையைக் கிழித்தபோதுகூட இப்படி ஒளிந்ததில்லை.

இனி எந்தத் தெருவில் நின்று அவர் பெயரைச் சொல்வேன்? 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இனிமேல் ஊர் ஊராக நடக்கப்போவதில்லை. அதுவரை யாருக்கும் கதவைத் திறக்காதே.

யோவான் ராக்கையா

மார்க்கையன்கோட்டை
10.9.2024

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கு முன்னால் இது உங்களிடம் சேரவேண்டும். ஆண்டிபட்டி போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அவர்கள் மறுபடியும் வந்தார்கள். நம் சின்ன மகள் விஜி யோசிக்காமல் கதவைத் திறந்துவிட்டாள். நெட்டையானவர் உள்ளே வரவில்லை. மொட்டை போட்டிருந்தார்.

"எங்க ஆத்தா சனிக்கிழம செத்துப்போச்சு. தேனி ஆஸ்பத்திரில கிடந்தப்ப உங்க வீட்டுக்காரருதான் கையப் பிடிச்சுச் செபம் பண்ணினாகளாம். அவுகளக் கூட்டியா, கூட்டியான்னு கடைசி வரைக்கும் ஒரே சொல்லு. அதுக்குத்தான் அலஞ்சோம். மயிலாடும்பாறையில ஒருத்தரப் பாத்தேன். அவுகதான்னு தோணுச்சு. இல்லைன்னுட்டாக."

என் பொய்யைப் பற்றி அவர் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை கடமலைக்குண்டில் காரியமாம். "அதுக்காச்சும் வரச் சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் போகவில்லை, மாமா. இன்னொரு நாள் வருகிறவர்கள் சட்டையோடு விடமாட்டார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வராதீர்கள். அந்த வீட்டுக்குப் போய், டீக்கடையில் இருந்தது நான்தான் என்று நீங்களே அந்தப் பிள்ளையிடம் சொல்லவேண்டும்.

அன்று காலையில் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உங்கள் செபம் எனக்கு வராது. நான் கூட வருகிறேன்.

ஜக்கம்மா