நாற்பது பக்கமும் ஒரு பெயரும்

14.7.98, செவ்வாய்

காலையிலேயே காற்று, கண்ணெல்லாம் மண். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்காகத் தேர்க்கூரை பிரிக்கிறார்கள், பஸ் சுற்றிப் போனது. ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டரைத் திறக்கப் பத்தேகால்.

வாங்க: ரிப்பன் 2, பிளாப்பி ஒரு பெட்டி, தலைவலி மாத்திரை.

கோவையிலிருந்து ஒரு வாத்தியார் கடிதம். என் தமிழ் டைப்பிங் புரோகிராமைப் பள்ளியில் எட்டு மெஷினில் போட்டாராம். இலவசம்தானே. யாரும் நகல் எடுக்கலாம், மாற்றலாம். ஒரே நிபந்தனை, புரோகிராம் எழுதியவர் பெயரை எடுக்கக் கூடாது. "தங்கள் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். உதவிப் பக்கங்களைப் படித்துத்தான் எல்லோரும் கற்றுக்கொண்டோம்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த நாற்பது பக்கமும் செல்வமேரி எழுதியது. பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்ட். மூன்று வருடமாகச் சாயங்காலம் இங்கே வருகிறாள். மெனுவுக்குத் தமிழ்ச் சொல் தேடியது, பிழை கண்டு நோட்டில் குறித்தது எல்லாம் அவள்தான். கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன்?

16, வியாழன்

கரண்ட் இல்லை, 11 முதல் 2 வரை. செ.மே. இன்று மதுரையில். இன்டர்வியூ. கம்ப்யூட்டர் புத்தகங்களைத் தமிழில் எழுதும் வேலை. நேற்று பிளாப்பி ஒன்று கேட்டாள். "நான் எழுதினதக் காட்டணும்ல அண்ணாச்சி." அதில் இருப்பது என் பெயர் மட்டும்தான் என்று கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

17, வெள்ளி

வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அங்கனயே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாவ அண்ணாச்சி. நாப்பது பக்கமும் வந்துச்சு. கடைசியில உங்க பேரு மட்டும். 'அடுத்தவுக எழுதினத உன்னுதுங்கிறியேம்மா'ன்னுட்டாவ."

"புரோகிராம் எழுதினவுக பேரப் போடுறதுதான் வழக்கம் மேரி."

"புரோகிராம் உங்களுது. அந்த நாப்பது பக்கம்?"

பெயர் வரும் கடைசித் திரையைத் திறந்து பார்த்தேன். திரையில் இன்னொரு வரிக்குத் தாராளமாக இடம் இருந்தது. என் பெயர் தனியாக நடுவில் நிற்பது பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். சீ. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

18, சனி

மதுரைக்காரர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்காகப் பொய் சொல்றியன்னுதான் நெனப்பாவ. ஒருக்கப் பொய்க்காரியா நின்னது போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போகும்போது, "இருபத்திமூணாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு, திருத்திருங்க." சோழபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பிளாப்பி எத்தனை ஊருக்குப் போயிருக்கிறதோ. திரும்ப வாங்க வழியில்லை. நகல் எடுக்கிறவர் எல்லாம் என் நிபந்தனைப்படி என் ஒரு பெயரைப் பத்திரமாகக் காப்பாற்றுவார்கள்.

புதுப் பதிப்பு போட உட்கார்ந்தேன். 23ஆம் பக்கம் திருத்தியாச்சு. நிபந்தனையையும் மாற்றினேன். புரோகிராமோ, உதவிப் பக்கமோ, சொல்லோ, கண்டுபிடித்த பிழையோ, உழைத்தவர் எவர் பெயரையும் எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை கோவைக்கும் மதுரைக்கும் அனுப்ப.

என் பெயருக்கு மேலே, "உதவிப் பக்கங்கள் எழுதியவர்" என்று அடித்தேன். அடுத்து இன்ஷியல். அவள் அப்பா பெயர் தெரியவில்லை. மூன்று வருடம், ஒரே மேசை.